கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கு வந்து வாடகை வீடு பிடிப்பவர்கள், வந்த வாரமே மளிகைக் கடை, தண்ணீர் கேன் போடுகிறவர், இஸ்திரி வண்டி எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் மாநகராட்சி ஆஸ்பத்திரி இருப்பது மட்டும் ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். அதுவும், சாதாரணக் காய்ச்சலுக்கு ஏதோ ஒரு கிளினிக்கில் ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அழுத பிறகு. நானும் அப்படி அழுதவன்தான். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஊரில் பி.எச்.சி.க்குப் போய் வளர்ந்தும், இங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. இப்போது அம்மாவுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை, மகளுக்குத் தடுப்பூசி எல்லாமே அங்கேதான். அதனால் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

எந்தப் பலகை, எந்த நேரம்

எல்லாரும் பொதுவாகக் ‘கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி’ என்று சொன்னாலும் பலகையில் மூன்று விதமான பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்தாலே அங்கே என்ன கிடைக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

‘நகர்ப்புற நலவாழ்வு மையம்’ என்று இருந்தால் அது சின்ன இடம். ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். தமிழ்நாடு முழுவதற்கும் 708 மையங்கள் என்று திட்டமிட்டு, முதல் 500 மையங்களை 2023 ஜூன் 6 அன்று திறந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. காலை 8 முதல் 12 வரை, மறுபடியும் மாலை 4 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்னக் காயம், சுகர் மாத்திரை ஆகியவற்றுக்கு இங்கேயே போகலாம்.

‘நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்’ இதைவிடப் பெரியது. லேப், தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு எல்லாம் இருக்கும். காலையில் தொடங்கிப் பிற்பகல்வரை ஓ.பி. நடக்கும், ஆனால் உண்மையான வேலையெல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். சில நிலையங்களில் மாலையில் ‘பாலி கிளினிக்’ என்று சிறப்பு மருத்துவர்களும் வருவார்கள். எந்தக் கிழமை குழந்தை மருத்துவர், எந்தக் கிழமை கண் மருத்துவர் என்பது சுவரில் எழுதியிருக்கும்.

‘நகர்ப்புற சமுதாய நல மையம்’ என்றால் படுக்கை, பிரசவம் என்று இன்னொரு படி மேலே. அதற்கும் மேலே போனால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. சாதாரண இருமலுக்குப் பஸ் ஏறி ஜி.எச்.சுக்குப் போய் நாள் முழுக்க நிற்பவர்களை எனக்குத் தெரியும். அந்த இருமலுக்கான மருந்து அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது.

முதலில் உடம்பு நன்றாக இருக்கும்போது போங்கள்

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனாலும் நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். ஒரு நாள் காலை, ஒரு நோயும் இல்லாதபோது, ஒரு முறை போய்வாருங்கள். சுவரில் எழுதியிருக்கும் நேரம், கிழமை, தொலைபேசி எண் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “சிஸ்டர், நாங்க இந்தத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கோம். எங்க ஏரியா சிஸ்டர் யாரு?” என்று கேளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் இருப்பார். கர்ப்பிணி, கைக்குழந்தை, சுகர்காரர் இருக்கும் வீடு என்றால் அவர் கையோடு குறித்துக்கொள்வார். அதற்கப்புறம் நீங்கள் அங்கே முன்பின் தெரியாத ஆள் இல்லை.

முப்பது தாண்டியிருந்தால் அன்றைக்கே பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். காசு கிடையாது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. என் நண்பன் ஒருவன் சும்மா துணைக்கு வந்தவன், பிரஷர் மாத்திரையோடு வீடு திரும்பினான்.

என்ன கொண்டுபோவது

போன், பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆதார் இருந்தால் பதிவு சுலபமாகும், எடுத்துப்போங்கள். ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியில்தான் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், காய்ச்சலுக்கு மருந்து வாங்க முகவரி மாற்றத் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இங்கே வேண்டாம். அது பெரிய சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போதுதான் வேலைக்கு வரும்.

நோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் பதிவு செய்தாலும் டாக்டர் முதலில் புரட்டுவது நோட்டைத்தான். போன மாதம் சுகர் எவ்வளவு, எந்த மாத்திரையை எப்போது கூட்டினார்கள் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், டாக்டர் மாறி வந்தாலும் நீங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். முதல் பக்கத்தில் பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டார் ஒருவரின் போன் எண் எழுதிவையுங்கள்.

சீட்டிலிருந்து ஜன்னல்வரை

உள்ளே போனதும் ஓ.பி. சீட்டு போடும் மேஜை. பெயர், வயது, தெரு, போன் எண் கேட்பார்கள். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அப்புறம் ஒரு செவிலியர் எடை, பிரஷர் பார்த்துச் சீட்டில் எழுதுவார். பிறகு டாக்டர், பிறகு லேப் அல்லது ஊசி அறை, கடைசியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னல். எங்கே எந்த வரிசை என்று புரியவில்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களைக் கேளுங்கள். மாதம் தவறாமல் வருகிறவர்கள். “தம்பி, முதல்ல அந்த ரூமு, எட போட்டுட்டு வா” என்று பலகையைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

டாக்டருக்கு முன்னால் உட்காரும்போது நமக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான், வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். அதனால் எத்தனை நாளாக, எங்கே, என்ன மருந்து ஏற்கனவே சாப்பிட்டீர்கள் என்ற மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். “மூணு நாளா காய்ச்சல், நேத்து ராத்திரி 102, மெடிக்கல்ல வாங்கி ரெண்டு பாராசிட்டமால் போட்டேன்” என்றால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையை மறைக்காதீர்கள். அது ஆன்டிபயாட்டிக்காக இருந்தால் டாக்டர் எழுதும் மருந்தே மாறும்.

இன்னொன்று, ஊசி போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியில் போகிற மருந்துதான் மாத்திரையிலும் போகிறது. ‘ஊசி போடாத டாக்டர்’ என்று திட்டிக்கொண்டே தனியார் கிளினிக்குக்குப் போய்க் காசு கொடுத்துக் குத்திக்கொள்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரிவதில்லை.

லேப் என்றால் எட்டு மணிக்கே

நான் முதல் தடவை போனது பதினொன்றே முக்காலுக்கு. டாக்டர் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதினார், லேப்பில் “சாம்பிள் எடுத்து முடிச்சாச்சு, நாளைக்கு வாங்க” என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. எடுத்த ரத்தத்தை அன்றைக்கே பார்த்து எழுத வேண்டும், சிலதை வெளியே அனுப்பவும் வேண்டும். லேப் வேலை இருக்கிறது என்று தெரிந்தால் திறக்கும்போதே போய் நில்லுங்கள். மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டெங்குப் பயத்தில் கூட்டம் இரண்டு மடங்காகும். அப்போது இன்னும் சீக்கிரம்.

சுகருக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அம்மாவுக்கு நான் செய்வது இது: காலையில் காபிகூட இல்லாமல் கூட்டிப்போவேன். இட்லி டப்பா, தண்ணீர், காலை மாத்திரை மூன்றும் பையில். முதல் ரத்தம் கொடுத்ததும் மாத்திரையும் இட்லியும். அந்த நேரத்தைச் சீட்டின் மூலையில் குறித்துவிட்டு, நடுவில் டாக்டர் வரிசையில் இடம் பிடித்துவிடுவேன். மாத்திரையை எப்போது போடுவது என்பதை மட்டும் உங்கள் செவிலியரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை எழுதுவார்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. காசநோய் என்று தெரிந்தாலும் மருந்து முழுக்க இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. நான்கு வாரத்தில் இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் அதில் பெரிய ஆபத்து.

மாத்திரை விஷயம்

எங்கள் பாட்டி ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் காலி பாட்டில் இருக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மிக்சர் ஊற்றிக் கொடுப்பார்கள், வயிற்றுவலி, வாயு எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது வருபவை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்துகள். 1994-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக் பெயரில்) டெண்டர் விட்டு, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும்.

இந்த ஏற்பாட்டால் நமக்கு ஒரு குழப்பம் வரும். டெண்டர் எடுக்கும் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். அம்மா ஒரு மாதம் முழுக்கப் பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, “எனக்கு வெள்ளை மாத்திரைதான், இது மஞ்சளா இருக்கு, யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டாங்க” என்றார். உள்ளே இருந்தது அதே மருந்து, அதே மில்லிகிராம். நிறத்தை நம்பாமல் அட்டையின் பின்பக்கப் பெயரைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜன்னலில் எண்ணிக்கைக்கு ஏற்ப அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். பெயர் அச்சான துண்டு வேறொருவருக்குப் போய்விடும். அதனால் ஜன்னலை விட்டு நகர்வதற்குமுன், ஒவ்வொரு கவரிலும் மருந்தின் பெயர், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிறவர் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும்.

சில நாள் ஒரு மருந்து இருப்பில் இருக்காது. “வெளியில் வாங்கிக்கோங்க” என்று சொன்னால் அப்படியே முனையிலுள்ள மெடிக்கலுக்குப் போக வேண்டாம். எப்போது வரும் என்று கேளுங்கள். பத்து நாள் மருந்து கையில் இருந்தால் காத்திருக்கலாம். உடனே வேண்டும் என்றால் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். மூலப்பெயர் மாத்திரை அங்கே விலை குறைவு.

மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள்

சுகர், பிரஷர் இருந்தால் மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கிடைக்கும். தீருவதற்கு ஐந்து நாள் முன்பே போங்கள், தீர்ந்த அன்று போகாதீர்கள். அன்றைக்கு விடுமுறையாக இருக்கும், அல்லது உங்களுக்கு ஆபீசில் மீட்டிங் இருக்கும்.

நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண சிகிச்சைக்கும் வீடு தேடி வருவார்கள். பட்டியலில் பெயர் சேர வேண்டுமானால் ஏரியா சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நாமாகச் சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

குழந்தைக்குப் புதன்கிழமை

தமிழ்நாட்டில் தடுப்பூசி என்றால் புதன்கிழமை. ஏன் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளையும் வரச்சொல்லி அழவிடுகிறார்கள் என்று எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. காரணம் குப்பியில் இருக்கிறது. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா போன்றவை ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு ஆகும் அளவில் வரும். கலக்கித் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும். குழந்தைகள் சேர்ந்து வந்தால் மருந்து வீணாகாது.

பிறந்தது எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், ஊரில் போட்ட அட்டையைக் கொண்டுவந்தால் இங்கே தொடரலாம். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடுகிற ஊசிகளுக்குக் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்து பிக்மி எண், அதாவது கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் பதிவு எண், வாங்க வேண்டும். தனியார் டாக்டரிடம்தான் பார்க்கிறோம், இது எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் அடிப்படை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் எண் மாறாது.

நாய் கடித்தால்

புதிதாக வருகிறவர்களுக்கு, அதுவும் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர்களுக்கு, இது கட்டாயம் தெரிய வேண்டும். கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையம். மூடியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி. ஊசி இப்போது தொப்புளைச் சுற்றி இல்லை, கையில்தான். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள் என்று நான்கு முறை. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே போடும் இன்னொரு மருந்து உண்டு, அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். “வீட்டு நாய்தான், தெரிஞ்ச நாய்தான்” என்ற பேச்சை நம்பிப் போடாமல் இருக்காதீர்கள். 28 ஆம் நாள் ஊசியை மறப்பவர்கள் அதிகம், போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

இங்கே போகக் கூடாத நேரம்

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, வாய் கோணுவது, வலிப்பு, பெரிய விபத்து, பாம்புக்கடி. இவற்றுக்கு நேரே 108. சின்ன மையத்துக்கு ஆட்டோவில் போய், அங்கிருந்து திரும்ப ஆம்புலன்ஸ் ஏறினால் போகிற நேரம் திரும்பி வராது. போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டில் எந்தத் துறை என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஜி.எச். வளாகத்தில் துறை தெரியாமல் நுழைந்தால் அரை நாள் கட்டடம் தேடுவதிலேயே போய்விடும். அங்கேயும் ஓ.பி. காலை நேரத்தில்தான்.

குறை இருந்தால்

எல்லா நாளும் எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்லமாட்டேன். டாக்டர் பயிற்சிக்குப் போயிருப்பார், கரண்ட் போயிருக்கும், யாரோ ஒருவர் சிடுசிடுப்பார். ஒரு முறை ஓரிடத்தில், கட்டுப் போட்டுவிட்டவர் “டீக்கு ஏதாவது குடுங்க சார்” என்றார். நான் கொடுக்கவில்லை, நாளைக்கும் அதே இடத்துக்குத்தான் வர வேண்டும் என்பதால் சண்டையும் போடவில்லை. அன்று மாலையே 1913-க்குப் பேசிப் புகார் எண் வாங்கினேன். அது மாநகராட்சியின் எண். தேதி, நேரம், எந்த அறை என்று சொன்னால் புகார் நகரும். வெறும் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வீடு மாறும்போது

வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை இது வரும். கிளம்புவதற்குமுன் இரண்டு வேலை. கையில் ஒரு மாத மாத்திரை இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியா சிஸ்டரிடம் புது முகவரியைச் சொல்லி, அந்தப் பகுதி எந்த நிலையத்தில் வருகிறது என்று கேளுங்கள். சாமான் கட்டும்போது நோட்டையும் தடுப்பூசி அட்டையையும் அட்டைப்பெட்டியில் போடாதீர்கள். கேஸ் புத்தகத்தோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வளசரவாக்கத்துக்கு வந்தபோது அம்மாவின் நோட்டு பாத்திர மூட்டைக்குள் போய், மூன்று வாரம் கழித்துக் குக்கருக்குள்ளிருந்து கிடைத்தது.